ட்ரெசைத் கடற்கரையில் அப்பா சொன்னது

அன்பு மகள் நெரிஸுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நியூசிலாந்துக் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்கவேண்டும். இதை வேலைக்கு நடுவில் படிக்காதே, வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படி.

இந்த வருஷம் இங்கே நல்ல வெயில், ஊரே கடற்கரையில்தான் கிடக்கிறது. பத்தொன்பது வருஷமாகக் கடல் பக்கம் தலைவைத்துப் படுக்காத உன் அப்பா, பள்ளிக்கூட பஸ் ஓட்டுவதை விட்ட மறுநாள், "மெரெரித், கடலைப் பாத்துட்டு வரலாமா" என்று கேட்டார். முதல் ஞாயிறு மூண்ட் கடற்கரைக்குப் போனோம், மணலுக்கு இறங்கும் பாதிப் படியில் நின்றுவிட்டார். அடுத்த வாரம் லாங்கிரானோக், அங்கே காரை விட்டே இறங்கவில்லை, வாங்கிக்கொடுத்த சிப்ஸ் மடியிலேயே ஆறிப்போனது. மூன்றாவது வாரம் நான் எதுவும் சொல்லாமலே வண்டியை ட்ரெசைத்துக்குத் திருப்பினார். உன் தம்பி மடோக்கைக் கடல் கொண்டுபோன இடத்துக்கே போவானேன் என்றுதான் எனக்குத் தோன்றியது.

கடல் உள்வாங்கியிருந்த நேரம், பாறையிலிருந்து கரையில் விழும் அருவிக்கு அடியில் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குப் பக்கத்தில் வெளியூர்க்காரன் ஒருவன் முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துத் தூங்கினான், அவனுடைய மகள், பதிமூன்று வயசிருக்கும், தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றாள். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்துபோய் அவன் தோளை உலுக்கி, "எழுந்திருப்பா, பிள்ளைங்க தண்ணியில நிக்கிறாங்க" என்றார். அவன் தொப்பியைக்கூட எடுக்காமல், "பெரியவ பாத்துக்குவா, உங்க வேலையப் பாருங்க" என்றான். "அவளே குழந்தைடா, நீதான்டா பாத்துக்கணும்" என்று அப்பா போட்ட சத்தத்தில் கரையே திரும்பிப் பார்த்தது. "கிழவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்று முனகிக்கொண்டே அவன் எழுந்து பிள்ளைகளிடம் போனான். அப்பா அங்கேயே மணலில் மடங்கி உட்கார்ந்துவிட்டார். அப்புறம்தான் சொன்னார், அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "நெரிஸ் என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனா. தம்பியப் பாத்துக்கோப்பா, ஐஸ்கிரீம் வாங்கிட்டு வரேன்னா. சரின்னேன். அப்புறம் கண்ணசந்துட்டேன். போலீஸ்காரர் கேட்டப்ப, அக்காகூடத்தான் இருந்தான்னு வாயில வந்துடுச்சு. அதுக்கப்புறம் மாத்திச் சொல்ல எனக்குத் தைரியம் வரல."

மடோக் போன அன்றைக்குக் கார்டிகன் டவுனில் கடை வேலையில் இருந்தவள் நான், அவர் சொன்னதைத்தான் நம்பினேன். அடக்கம் முடிந்து சேப்பல் கூடத்தில் எல்லாருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தபோது, அத்தனை பேர் முன்னால் உன்னைப் பார்த்து, "அவன விட்டுட்டு எங்கடி போன" என்று கேட்டேனே, நீ அப்பாவைப் பார்த்தாய். அவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வை எனக்கு இப்போதுதான் புரிகிறது. அவரைக் காட்டிக்கொடுக்காமல் பதினாலு வயசில் வாயைக் கட்டிக்கொண்டாய், பதினெட்டில் உலகத்தின் மறுகோடிக்கே போய்விட்டாய், கல்மனசுக்காரி என்று உன்னை உன் சித்தியிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அதையெல்லாம் எந்தக் கையால் அழிப்பேன், நெரிஸ்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அவரோடு நான் அதிகம் பேசவில்லை. சோறு போடுகிறேன், துணி துவைக்கிறேன். உனக்கு எழுதுகிறேன் என்று நாலு நாள் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், உன் பெயருக்குமேல் போகவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். சித்திக்கும் சேப்பல்காரர்களுக்கும் அவரே போய்ச் சொல்லிவிட்டார், ஒவ்வொரு வீடாக. அவரை மன்னித்துவிடு என்று நான் கேட்கமாட்டேன், எனக்கே அது இன்னும் வரவில்லை. என்னை மன்னித்துவிடு என்றும் கேட்கமாட்டேன். நீ செய்ததெல்லாம் பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போனது மட்டும்தான் கண்ணே, அதில் தப்பு ஒன்றுமில்லை.

வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். நீ எங்கே இருந்தாலும் கடவுள் உன் பக்கத்தில் இருக்கட்டும். முடிந்தால் ஃபோன் பண்ணு, நான்தான் எடுப்பேன். பேசப் பிடிக்காவிட்டால் பேசாமல் இரு, நானும் வைக்காமல் இருக்கிறேன். அப்பா பக்கத்திலேயேதான் இருப்பார், கொடு என்று நீயாகச் சொல்லும்வரை அவர் கையில் கொடுக்கமாட்டேன்.

உன்னைத் தவறாக நினைத்துவிட்ட,
அம்மா