இரண்டாவது தகடு

மச்சான்,

நீங்கள் காபிக்கொட்டை அரைத்த கை அரவை மிஷினை அக்கா போன வாரம் ஒரு பழைய வேட்டியில் சுற்றி எனக்குக் கொடுத்தனுப்பினாள். "நீயே வச்சுக்க. உனக்குத்தான் காது இருக்காம்ல" என்று போனில் சிரித்தாள். இன்று காலை முடிச்சை அவிழ்த்ததும் வறுத்த கொட்டை வாசம் சமையலறை முழுக்கப் பரவியது. நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. வாசம் அப்படியே இருக்கிறது.

தொண்ணூறுகளில் வங்கி வேலைக்காக உங்கள் ஊருக்கு வந்து, செக்காலையில் உங்கள் வீட்டில்தான் தங்கினேன். நீங்கள் பஸ் டிப்போவில் மெக்கானிக். கழற்றிய எதையும் குறித்து வைக்காமல் மூடமாட்டீர்கள். காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். அந்த நேரம் பார்த்து, ரோமில் படித்துத் திரும்பிய உங்கள் சித்தப்பா மகன் சாமியார், ஒரு குட்டி எஸ்பிரெசோ மிஷினைக் கொண்டுவந்து கொடுத்தார். பிடியைக் கையால் அழுத்தினால் தூளுக்குள் வெந்நீர் புகுந்து டிகாஷன் தேன் மாதிரி இறங்கும் என்றார். நம் வீட்டில் இறங்கவில்லை, கொட்டியது. ஃபில்டருக்கு அரைக்கும் தூள் அதற்குப் பருமன். அரவையின் திருகாணியை ஒரு பல் இறுக்கினாலோ தூள் புழுதியாய் அடைத்துக்கொண்டு, ஒரு சொட்டும் வராது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் வேண்டும். அந்த அரவையில் நடு என்று ஒன்றே இல்லை.

"இஞ்சின்ல டேப்பட் இடைவெளி வைக்கிறதும் இதும் ஒண்ணுதான் மாப்ள. நடு இல்லைன்னா நாம உண்டாக்கிருவோம்" என்றீர்கள்.

மறுநாள் திருநீற்றுப் புதன். அன்று தொடங்கி ஈஸ்டர் வரை, தவக்காலம் நாற்பது நாளும் நம் வீட்டில் யாருக்கும் காபி கிடையாது. ஆர்வத்தில் நாம் இருவரும் அதை மறந்தே போனோம். அக்கா மறக்கவில்லை.

"என்னமும் செஞ்சுக்கங்க. ஆனா உயிர்ப்பு ஞாயிறு காலையில என் ஃபில்டர் காப்பிய விட நல்லா இருக்கணும். இல்லைன்னா மிஷினு, அரவை ரெண்டையும் நானே பரணுக்கு ஏத்திருவேன். அப்புறம் இறக்கச் சொல்லி எங்கிட்ட வராதீக."

அக்கா பரணில் ஏற்றியது எதுவும் திரும்ப இறங்கியதில்லை என்று இருவருக்கும் தெரியும்.

நாக்கில் படாமல் காபிக்குப் பதம் பார்க்கப் புறப்பட்ட ஆட்கள் ஊரில் நாம் இரண்டு பேராகத்தான் இருப்போம். அரவையின் அச்சு ஆடுகிறது என்று, அதை இறுக்கிப் பிடிக்கக் கடைசல் பட்டறையில் புஷ் என்ற பித்தளை வளையம் செய்து போட்டீர்கள். இடைவெளியை மயிரளவு நெருக்க, அரைக்கும் பல்லுக்குப் பின்னால் வைக்கக் காகிதம்போல் மெல்லிய தகடு ஒன்றை வட்டமாக வெட்டினீர்கள். நான் கடிகாரத்தைப் பார்த்து நொடி சொல்லுவேன். ருசி பார்க்க எதிர்வீட்டு அண்ணனைக் கூப்பிட்டோம். தண்ணீராய்க் கொட்டியதைக் கொடுத்தோம். "நல்லாருக்குங்க" என்றார். கருகிக் கசந்ததைக் கொடுத்தோம். அதற்கும் "நல்லாருக்குங்க". அடுத்தவர் வீட்டில் குடித்த காபியைக் குறை சொல்ல அவருக்கு வாய் வராது.

இப்படியே நான்கு வாரம் போயிற்று. ஒருநாள் நீங்கள் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனபோது, கோப்பையில் இருந்ததை நான் ஒரு வாய் குடித்துவிட்டேன். இத்தனை வருஷம் கழித்து ஒப்புக்கொள்கிறேன். புளித்தண்ணீர் மாதிரி இருந்தது; தூள் இன்னும் பருமன்தான் என்று தெரிந்தது. நீங்கள் திரும்பி வந்ததும் அரவைப் பிடியைச் சும்மா சுற்றிவிட்டு, "சத்தம் இன்னும் மாவா வரலை மச்சான். இன்னொரு தகடு வச்சுப் பாருங்க" என்றேன்.

கோப்பையைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். "உனக்கு அப்படி ஒரு காதா மாப்ள?" என்று மட்டும் கேட்டு, தகடு வெட்ட உட்கார்ந்தீர்கள்.

உயிர்ப்பு ஞாயிறு காலை, பரணில் ஏணி சாய்ந்தே நின்றது. அக்கா முன்னால் இரண்டு டம்ளர். ஃபில்டர் காபியை ஒரு வாய் குடித்தாள். நம்முடையதை ஒரு வாய். பிறகு ஃபில்டர் டம்ளரை என் கையில் திணித்துவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு கொல்லைவாசல் படியில் போய் உட்கார்ந்தாள். முழுதும் குடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"இது காலையில. ஃபில்டரு சாயங்காலம். அந்த ஏணிய எடுத்து அங்குட்டு வைங்க."

நீங்கள் அப்போதுதான் உங்கள் முதல் வாயைக் குடித்தீர்கள். கண்ணை மூடிக்கொண்டு சின்னப் பிள்ளைபோல் சிரித்தீர்கள். அந்த வீட்டில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த காலை வேறொன்று இல்லை.

அதற்குப் பிறகு ஒரு விசேஷம் பாக்கியில்லை, என் காதைப் புகழ்ந்து தள்ளினீர்கள். "எங்க மாப்ள சத்தத்தை வச்சே பதம் சொல்லுவான்" என்று விருந்தாளிகள் முன்னால் என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி அரவையைச் சுற்றுவீர்கள். முதல் தடவை குருட்டாம்போக்கில் சொன்னது சரியாகிவிட்டது. மானம் போய்விடுமே என்ற பயத்தில், நீங்கள் வேலைக்குப் போனதும் திருகாணியை மாற்றி மாற்றி வைத்துச் சுற்றிக் கேட்டுப் பழகினேன். உங்களை ஏமாற்றுகிறோமே என்று உறுத்தலாகவும் இருந்தது.

இன்று துடைப்பதற்காக அரவையின் அடியில் தூள் விழும் மரப்பெட்டியை உருவிக் கவிழ்த்தேன். அடிப்பலகையில் உங்கள் பென்சில் எழுத்து.

"புஷ் போட்டது. தகடு 1 – கொட்டுது. தகடு 2 – மாப்ள ருசி பாத்துட்டான். சரி."

தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன், மச்சான். இத்தனை வருஷப் புகழ்ச்சியும் கேலியா? நேரில் கேட்க நீங்கள் இல்லையே என்றுதான் வருத்தம்.

பெட்டியைச் செருகி, கொட்டையைப் போட்டு, கண்ணை மூடிச் சுற்றினேன். சத்தம் சற்றுப் பருமனாக வந்தது. திருகாணி ஒரு பல் தளர்ந்திருந்தது. இறுக்கிவிட்டு மறுபடி சுற்றினேன், மாவாக வந்தது. பதம் சரி என்றது காது. என் வீட்டு எஸ்பிரெசோ மிஷினில் போட்டுக் குடித்தேன்.

நாக்கும் அதையே சொன்னது.