செத்த ராணியின் எண்

திண்டிவனம்
20.11.1986

அன்புள்ள தேவசகாயம்,

செத்துப்போன நாய் குட்டி போட்டதாக நீ சான்றிதழ் டைப் அடித்துக் கொடுத்திருக்கிறாய்.

தெரியாமல் நடந்தது என்று சொல்லாதே. போன வருஷம் பொங்கலுக்கு விழுப்புரம் வந்தவன், என்னைப் பார்க்க இங்கேயும் வந்தாய். ராஜாமணி முதலாளியின் அரிசி ஆலைக்குப் பின்னால், உமி மேட்டை ஒட்டி, ராணிக்குக் குழி வெட்டியது நீயும் நானும்தான். ஓய்வே கொடுக்காமல் அடுத்தடுத்து ஐந்து ஈற்று. கருப்பையில் சீழ் வைத்துச் செத்தது. மண்ணைத் தள்ளிவிட்டு, "டேய் அரசப்பா, உங்க மொதலாளிக்கு நெல்லு அரைக்கத்தான்டா தெரியும், நாய் வளக்கத் தெரியாது" என்று சொன்னது நீ. எட்டு மாதம் கழித்து அதே ராணியை, அதே பதிவு எண்ணோடு, 'தாய்' என்ற கட்டத்தில் ஏற்றியிருக்கிறாய்.

படிவத்தை நிரப்பியவன் நான். மறைக்கவில்லை. வேலை போய்விடும் என்று பயந்து எழுதினேன். ஆனால் நான் எழுதியது வெறும் காகிதம். மெட்ராஸில் உங்கள் நாய் வளர்ப்போர் சங்கத்தின் முத்திரை விழுந்த பிறகுதான் அது உண்மை ஆனது.

அந்தக் குட்டிகளைப் போட்டது ராணியின் மகள் ஜூலி. ஜூலிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இந்த டால்மேஷியன் சாதியில் அப்படிச் சில பிறக்கும், அவற்றை இனம் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் குட்டிகளுக்கும் வரும் என்று உங்கள் படிவத்தின் பின்பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறீர்கள். அதனால் ஜூலிக்குப் பதிவு கிடைக்காது. முதலாளி செத்தவளின் எண்ணை அவள் தலையில் கட்டிவிட்டார்.

பிறந்தது ஒன்பது. படிவத்தில் எட்டு. ஒன்பதாவது செவிடு. கூண்டு கழுவுகிற பாஞ்சாலியிடம், "எடுத்துக்கினு போ, ஊட்டுக்குக் காவலா இருக்கும்" என்று தள்ளிவிட்டார். காது கேட்காத நாய், காவலுக்கு! பாஞ்சாலி அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. "பேரு வச்சு இன்னா பண்றது தம்பி, கூப்ட்டா திரும்பவா போவுது" என்று சிரித்தாள். பக்கத்தில் போவதற்கு முன்னால் காலால் தரையைத் தட்டுவார்கள். அந்த அதிர்வு தெரிந்தால் திரும்பிப் பார்த்து வாலாட்டும். ஒரு வருஷம் அப்படித்தான் ஓடியது.

பத்து நாளைக்கு முன்னால் நல்ல மழை. பாஞ்சாலியின் மகள் ருக்கு, நனைந்தபடி தூங்கிய நாயின் மேல் சாக்கைப் போர்த்தப் போயிருக்கிறாள். தூக்கம் கெடக் கூடாது என்று அன்றைக்கு மட்டும் தரையைத் தட்டவில்லை. பூனை மாதிரி நடந்து போயிருக்கிறாள். சாக்கு மேலே பட்டதும் நாய் திடுக்கிட்டுக் கவ்விவிட்டது. இடது கன்னம் கிழிந்து தொங்கியது. தெருக்காரர்கள் நாயைக் கடப்பாரையால் அடித்தே கொன்றுவிட்டார்கள்.

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. தினமும் பாண்டிச்சேரிக்கு பஸ். இன்றைக்கு ஒன்பதாவது. ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு ருக்குவின் பிறந்த தேதி கேட்டார்கள். பாஞ்சாலிக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆறு வயது என்று குத்துமதிப்பாக எழுதிக்கொண்டார்கள். கடித்த நாயோடு பிறந்த எட்டுக்கும் பிறந்த தேதி, பாட்டன் பெயர், பூட்டன் பெயர் எல்லாம் உன் அலமாரியில் இருக்கிறது. அதில் பாதி பொய்.

முதலாளியிடம் கேட்கப் போனோம். "என்னுது எட்டு. பேப்பரப் பாத்துக்கோ. எங்கியோ தெருநாயப் புடிச்சாந்து வளத்துட்டு என்னப் பேஜாரு பண்ணாத" என்றார். மறுநாள் முதல் பாஞ்சாலிக்கு வேலை இல்லை.

அடுத்த மாதம் ஜூலியை மறுபடி இனம் சேர்க்கப் போகிறார். ராணியின் எண்ணை நீக்கிவிட்டால் சேர்க்க மாட்டார். சான்றிதழ் இல்லாத குட்டியை மெட்ராஸில் எவனும் தொடுவதில்லை. காகிதத்துக்காகத்தான் இத்தனையும். உங்கள் செயலாளருக்கும் எல்லாவற்றையும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நீ அதை அவர் கையில் கொடுத்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் உன் அம்மாவைப் பார்த்தேன். முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. "எம் புள்ள மெட்ராஸ்ல நாயிங்களுக்கு ஜாதகம் எழுதறான்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்.

உன் நண்பன்,
அரசப்பன்


திண்டிவனம்
16.12.1986

அன்புள்ள தேவசகாயம்,

செயலாளருக்கு அனுப்பிய தபாலின் ஒப்புகை அட்டை வந்து சேர்ந்தது. அதில் இருப்பது உன் கையெழுத்து. கடைசி எழுத்துக்கு வால் நீட்டுவாயே, அதே வால். கடிதம் உன் மேஜையைத் தாண்டவில்லை என்று புரிந்துகொண்டேன்.

போன வியாழக்கிழமை ஜூலியை இனம் சேர்த்தார்கள். கம்பத்தில் கட்டி, நான் பிடித்துக்கொண்டேன். பின்னால் வருவது அவளுக்குக் கேட்காது. காலால் தரையைத் தட்டினேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

ருக்குவுக்குத் தையல் பிரித்தாயிற்று. சிரித்தால் வாய் ஒரு பக்கம் இழுக்கிறது. இப்போதெல்லாம் அவள் யார் பக்கத்தில் போனாலும், பெற்ற தாய் பக்கத்தில் போனாலும், தரையைத் தட்டிவிட்டுத்தான் போகிறாள்.

உனக்கும் வேலை பயம் இருக்கும். எனக்குத் தெரியாதா? ஆனாலும் ஒரு வரி எழுது.

அரசப்பன்


திண்டிவனம்
22.3.1987

தேவசகாயம்,

ஜூலி பத்து குட்டி போட்டாள். ஐந்து வாரம் ஆனதும், அவை தூங்கும்போது பின்னால் நின்று அரிசி அளக்கும் இரும்புப் படியைக் கரண்டியால் தட்டிப் பார்த்தேன். ஏழு துள்ளி எழுந்தன. மூன்று அப்படியே தூங்கின. இன்னும் ஓங்கித் தட்டினேன். தூங்கின.

முதலாளியிடம் சொன்னேன். "போன தபா குடுத்துத்தான் வம்பு. ஜல்தியா தொட்டில அமுக்கிடு" என்றார். நெல் ஊறவைக்கும் தொட்டி. முடியாது என்று சொல்லிவிட்டேன் என்று உனக்கு எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் நான் செய்தேன். மூன்றும் ராணிக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. இந்த முறை குழி வெட்ட நீ இல்லை.

நேற்றுப் படிவம் நிரப்பச் சொன்னார். நிரப்பினேன். தாய்: ஜூலி, பதிவு இல்லை, பிறவிச் செவிடு. பிறந்தவை பத்து. செவிடு மூன்று, கொல்லப்பட்டன. ராணி செத்த தேதியையும் எழுதினேன். எல்லாம் இங்கிலீஷில். அவருக்கு இங்கிலீஷில் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். "இன்னாடா, போன தபா மாதிரியே தானே?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். போட்டுவிட்டார்.

இப்போது அவருடைய கையெழுத்தோடு உண்மை உங்கள் சங்கத்துக்கு வருகிறது. பதிவுத் தபாலில் வருகிறது. வழக்கம்போல உன் மேஜைக்குத்தான் வரும். நீ முதலாளிக்கு ஒரு போன் செய்தால், சாயங்காலத்துக்குள் வேறு படிவம் வேறு ஆள் எழுதி வந்துவிடும். என்னை அன்றைக்கே துரத்திவிடுவார்கள். ஜூலி ராணியாகவே இன்னும் மூன்று நான்கு ஈற்று போட்டு, உமி மேட்டுக்குப் போய்விடுவாள். நீ அதைத்தான் செய்வாய் என்று நினைக்கிறேன். நானும் இத்தனை நாள் அதைத்தானே செய்தேன்?

உன் அம்மா உனக்காகத் தினமும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார். "மாதா எம் புள்ளையக் காப்பாத்தணும்" என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

படிவத்தில் உள்ளதை உள்ளபடி டைப் அடித்துச் செயலாளர் முன்னால் வை. ராணியின் எண்ணை நீக்கச் சொல். ஒப்புகை அட்டையில் எப்படியும் கையெழுத்துப் போடப் போகிறாய். அந்த வாலுக்குக் கீழே, செய்தாயா இல்லையா என்று ஒரே ஒரு சொல் எழுதி அனுப்பு.

அரசப்பன்