ராமேஸ்வரத்துக்கு உங்கள் வண்டியில்

ஏனுங்க,

முதலில் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் போட்டுவந்த உங்கள் பேண்ட், பல்லடம் டீக்கடை முன்னால் பின்பக்கம் கிழிந்துவிட்டது. துண்டைச் சுற்றிக்கொண்டு எழுதுகிறேன்.

சிரிக்காதீர்கள், கொதித்துப்போயிருக்கிறேன். கல்யாணமான புதிதில், இந்த எழுபத்தெட்டு மாடல் வண்டியில் ராமேஸ்வரம் கூட்டிப்போவதாகச் சொன்னீர்கள். இப்போது மகளுக்கே கல்யாணம் ஆகிவிட்டது. நீங்களோ ஞாயிறுதோறும் அதைப் பிரித்துப்போட்டு, என் இட்லித் துணியில் துடைக்கிறீர்கள். கேட்டால், "இன்னும் ஒரேயொரு வாஷர் மாத்தோணும் அம்மணி!" அந்த வண்டிக்கு நான் சக்களத்தியாம், நம் பீளமேடு ஊரே சிரிக்கிறது.

அதனால்தான் இன்று நானே உதைத்துக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். டீக்கடைக்காரர், "ஏனுங்கக்கா, இதுலயா ராமேஸ்வரம் போறீங்க?" என்று வாயைப் பிளந்தார். ஓட்டத்தானே வண்டி? நீங்கள் வர வேண்டாம்.

இப்படிக்கு,
பின்சீட்டு வாய்க்காத உங்கள் வீட்டுக்காரி

பி.கு.: சூலூரிலேயே வண்டி நின்றுவிட்டது. பல்லடம் வரை அதுவும் நானும் கறிக்கோழி வேனில்தான் வந்தோம்.