ஆயுத பூஜைக்குக் கழுவிய தொட்டி

இராஜபாளையம்,
திங்கட்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

செல்வலட்சுமி எழுதுவது. உங்கள் மலைமுகாமில் செல் எடுக்காது என்பதால் இந்தக் கடிதம். சோழபுரத்தில் உங்கள் அப்பாவுக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது. மழை இன்னும் இறங்கவில்லை. நான்தான் இங்கே ஒரு தப்புச் செய்துவிட்டேன்.

சாயப்பட்டறையில் நான் பார்க்கும் கழிவுநீர்த் தொட்டி உங்களுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் சாயத்திலுள்ள விஷத்தைத் தின்றுதான் அந்தத் தண்ணீரைத் தெளிய வைக்கின்றன. சாணக்கரைசலும் வெல்லமும் ஊற்றி மூன்று வருஷமாக வளர்த்தேன். பெற்ற பிள்ளையைக்கூட நான் இப்படிப் பார்த்ததில்லை என்று நீங்களே கேலி செய்திருக்கிறீர்கள்.

ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினையும் கழுவிப் பொட்டு வைத்தோம். என் தொட்டி மட்டும் பாசி பிடித்து அசிங்கமாக நிற்கிறதே என்று, பிளீச்சிங் பவுடரை அள்ளிப்போட்டுச் சுவரெல்லாம் தேய்த்துக் கழுவினேன். கழுவிய தண்ணீர் முழுக்க உள்ளேதான் இறங்கியது. கக்கூஸில் அதைப் போட்டால் கிருமி சாகும் என்று தெரிந்தவளுக்கு, அங்கே அது தோன்றவில்லை. திருஷ்டிப் பூசணிக்காய் வேறு உடைத்தோம்.

மறுநாள் தவிட்டு நிற நுரை வெளுத்தது. பிறகு அழுகிய வாடை. எல்லாம் செத்துவிட்டன, மச்சான். தானாகத் தேறிவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான்கு நாளாகத் தண்ணீர் தெளியாமலே ஓடைக்குப் போயிருக்கிறது. ஓடை உங்கள் அப்பாவின் கிணற்றை ஒட்டித்தான் போகிறது.

நேற்று அவரிடம் போய், கொஞ்ச நாளைக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம் என்றேன். காரணம் சொல்லவில்லை. “எம்புட்டு வருசமா குடிக்கேன், நேத்து வந்தவ எனக்குச் சொல்லித் தாரியாக்கும்” என்று சத்தம் போட்டார். அந்த நேரத்தில் நம் மகள் யோகேஸ்வரி அந்தக் கிணற்றுப் பம்புசெட்டில் குளித்தபடி கைநிறைய அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் இழுத்து முதுகில் அடித்துவிட்டேன். எதற்கு அடிக்கிறாய் என்று அழுதாள். நாளைக் காலையில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன்.

இன்று சாயங்காலம் யாரையும் கேட்காமல் வெளியே போகும் வால்வை அடைத்துவிட்டேன். நாளை மத்தியானம் தொட்டி நிரம்பி வழியும். அதற்குள் மேனேஜர் கௌதம்ராஜிடம் சொல்லியாக வேண்டும். பட்டறையை மூடினால் அறுபது பேர் என்னைத்தான் ஏசுவார்கள். ஓடைக்கரைக் கிணற்றுக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லவேண்டும்.

இது உங்கள் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். யார் என்ன சொன்னாலும், தொட்டியைத் தெரியாமல்தான் கெடுத்தேன் என்று நம்புங்கள். நான்கு நாள் பேசாமல் இருந்தது தெரிந்தே செய்தது. அதற்கு என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைக்கு மட்டும் ஒன்றும் ஆகக்கூடாதென்று, அங்கிருந்தே அய்யனாரை வேண்டிக்கொள்ளுங்கள். எனக்கு அவரிடம் கேட்க முகமில்லை.

உங்கள்
செல்வலட்சுமி