ஐந்தாம் விதியும் ஒரு புலியும்

உத்தமபாளையம்
11.08.2025

அன்புள்ள ரூபன்,

நலம். நீயும் வீட்டாரும் நலமென நம்புகிறேன். கைப்பேசிச் செய்தியை அனுப்பியவரே அழித்துவிட முடியும் என்பதால் இதைக் கடிதமாக எழுதுகிறேன்.

நேற்று கம்பத்தில், கருத்தக்கண்ணனின் ஸ்டுடியோச் சுவரில் சட்டமிட்ட ஒரு புலியைப் பார்த்தேன். யார் எடுத்தது என்றேன்.

“ரூபன் அண்ணன் எடுத்தது சார். அப்பா பிறந்த நாளுக்குன்னு பெனிஷா பாப்பா கொண்டாந்து குடுத்துச்சு. உங்களுக்கா தெரியாது? ரெண்டு பேரும் சேர்ந்துல்ல போவீக!”

ஐந்து ஆண்டுகள், பதினான்கு சஃபாரிகள். நம் இருவர் கேமராவிலும் புலி விழுந்ததில்லை. ஒருவரை விட்டு ஒருவர் போவதில்லை என்பது நம் ஒப்பந்தம்.

படத்தைப் பத்து நிமிடம் ஆராய்ந்தேன். இலையுதிர்ந்த தேக்கு, காய்ந்த புல், ஆகவே கோடை. நிழல் நீளமாக இருக்கிறது. காலை ஏழு மணியளவு. வலது ஓரத்தில் பச்சையாக ஒரு மங்கல். உன்னருகில் யாரோ அமர்ந்திருக்கிறார். ஏப்ரலில் கபினிக் காட்டிலிருந்து நாம் வெறுங்கையுடன் திரும்பிய பிறகு, நீ மீண்டும் போயிருக்கிறாய்.

என் இடத்தில் அமர்ந்திருந்தது யார்?

இப்படிக்கு,
ஆதித்தன்


ஓடைப்பட்டி
16.08.2025

அன்பு மாப்ள ஆதித்தனுக்கு,

கடிதத்தைப் பிரிக்கும்போது உன் நில அளவை அலுவலகத்திலிருந்து சம்மன் வந்துவிட்டதோ என்று பயந்தேன். திராட்சைத் தோட்டத்தில் கொடி வெட்டும் கவாத்து வேலை, ஆள் கிடைக்கவில்லை. சத்தியமாக நான் தனியாகப் போகவில்லை. மற்றதை நேரில் சொல்கிறேன். அடுத்த வார ஞாயிறு பூசை முடிந்து வருகிறேன். உனக்கென்று பெனிஷா ஒரு கூடை திராட்சை எடுத்து வைத்திருக்கிறாள்.

உன்
ரூபன்


உத்தமபாளையம்
26.08.2025

ரூபன்,

ஞாயிறு நீ வரவில்லை. கூடை மட்டும் பேருந்து நடத்துநர் வழியாக வந்து சேர்ந்தது. பிரிக்கவில்லை.

“தனியாகப் போகவில்லை” என்று எழுதியிருக்கிறாய். யாருடன் போனாய் என்பதுதான் என் கேள்வி. உன் கடிதத்தில் அதற்கு விடை இல்லை.

இருவரும் சேர்ந்து வாங்கிய லென்ஸைத் துடைத்து உறையிலிட்டு வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பிப் பெற்றுக்கொள். செப்டம்பர் ஐந்தாம் தேதிக்குள் விளக்கம் வராவிட்டால், வரும் ஏப்ரலுக்கான முன்பதிவை ரத்து செய்துவிடுவேன். பிறகு நாம் பேசிக்கொள்ள எதுவும் இராது.

ஆதித்தன்


ஓடைப்பட்டி
31.08.2025

மாப்ள,

அந்தப் பச்சை மங்கல் உன் தொப்பி.

ஏப்ரல் பயணத்தின் மூன்றாம் நாள் காலை. நீ வகுத்த விதிப்படியே நடந்தோம்: கோடையில் ஒரே காட்டில் மூன்று நாள், முதல் வண்டி, மான் கத்தியதும் இன்ஜினை நிறுத்துவது. இருவரில் ஒருவர் முன்னே பார்க்க வேண்டும், ஒருவர் பின்னே பார்க்க வேண்டும் என்பதும் உன் விதிதான். அன்று பின்பக்கம் என் முறை. டிரைவர் மான் கத்திய திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ குனிந்து, குறிப்பேட்டில் நேரத்தை எழுதிக்கொண்டிருந்தாய். உன் தோளுக்குப் பின்னால் அது சாலையைக் கடந்தது. ஆறு நொடிகூட இருக்காது. சத்தமில்லாத ஷட்டரில் ஒரே ஒரு படம் எடுத்தேன்.

போன வருடம் சிறுத்தையைப் பார்த்ததும் நான் “ஏலே, அந்தா அங்கன!” என்று கத்தி உன் தோளை உலுக்கியது நினைவிருக்கிறதா? படம் ஆடிப்போயிற்று. ஜீப்பில் எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டினாய். வீட்டுக்கு வந்து ஐந்தாம் விதியை எழுதி, என்னிடம் கையெழுத்தும் வாங்கினாய்: விலங்கு தெரிந்தால் பேசக் கூடாது, அருகில் இருப்பவரைத் தொடக் கூடாது.

நான் பேசவில்லை. தொடவில்லை. கை பாதிவரை வந்தது, பிறகு நிறுத்திக்கொண்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்த ஆறு நொடியில் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. “எழுதுடா, நல்லா எழுது” என்று மனதுக்குள் சொன்னேன்.

திரும்பும் வழியெல்லாம் நீ, “விதியெல்லாம் சரிதான், அதிர்ஷ்டம்தான் இல்லை” என்று சொல்லிக்கொண்டே வந்தாய். அதன் பிறகு எப்படி வாயைத் திறப்பது? படத்தை அழிக்கவும் மனம் வரவில்லை. பெனிஷா கண்டுபிடித்துவிட்டாள்.

லென்ஸை நீயே வைத்துக்கொள்.

ரூபன்


உத்தமபாளையம்
06.09.2025

அன்புள்ள ரூபன்,

உன் சொல்லை மட்டும் நம்பி இதை எழுதவில்லை. ஸ்டுடியோவுக்குப் போய், பூதக்கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தேன். கருத்தக்கண்ணன், “சார், புலி அந்தப் பக்கம் இருக்கு, நீங்க ஓரத்தையே பாக்குறீகளே” என்றார். மங்கலில் வெள்ளையாக ஒரு கோடு தெரிகிறது. என் தொப்பி கிழிந்தபோது, வீட்டில் பச்சை நூல் இல்லாமல் நானே வெள்ளை நூலால் தைத்தது.

குறிப்பேட்டையும் எடுத்துப் பார்த்தேன். “காலை 7.12. புள்ளிமான் எச்சரிக்கைக் குரல். நான்கு நிமிடம் காத்திருந்தோம். எதுவும் தென்படவில்லை.” அழகான கையெழுத்து.

நீ விதியைக் காத்தாயா, என்னைப் பழிவாங்கினாயா என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். இரண்டும்தான் என்று நீயே எழுதிவிட்டாய். அதனால்தான் நம்புகிறேன்.

ஏப்ரல் முன்பதிவை ரத்து செய்யவில்லை. கூடையைப் பிரித்தேன், பாதி அழுகிவிட்டது, மீதியைச் சாப்பிட்டோம். ஐந்தாம் விதியைக் கோடிட்டு நீக்கிக் கையெழுத்திட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன்; உன் கையெழுத்தையும் இட்டு ஒரு நகல் அனுப்பு. குறிப்பேடு இம்முறை வீட்டிலேயே இருக்கும்.

பின்பக்கம் பார்ப்பது மீண்டும் உன் முறைதான். புலி வந்தால் தோளில் தட்டு. பலமாகத் தட்டு. நீ தட்டாவிட்டால், இனி அதற்கு விதியைக் காரணம் சொல்ல முடியாது.

உன்
ஆதித்தன்