பின் சீட்டில் நான்

ஐப்பசி 6, வியாழன்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை.

எழுத்து கோணல்மாணலாக வருகிறது. கோட்டில் நிற்க மாட்டேன் என்கிறது. வாசிக்கப் போவது நான் ஒருவன்தான். ஆனாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டே தொடங்குகிறேன். ஐம்பது வருடம் ஸ்டியரிங் பிடித்த கை இது. பேனா இதற்கு ரொம்பச் சின்னச் சாமான். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம். போன வருடம் வரை என் பெயரைப் படம் போல வரைவேன். இப்போது எழுதுகிறேன். எனக்கே சிரிப்பு வருகிறது, அவ்வளவு சந்தோஷம். முதியோர் வகுப்பு டீச்சர் சொன்னது: "தினமும் நாலு வரி எழுதுங்க தாத்தா. யாருக்கும் காட்டாண்டாம்."

இன்று:
வீட்டுக்காரி சொர்ணத்துக்கு ஆறாவது கரண்டு. இன்னும் நாலு.
எடை போட்டார்கள். 36 கிலோ. மெஷினில் நானே படித்தேன்.
பால், ரொட்டி, வலி மாத்திரை.

மார்பில் வந்த கட்டி அவள் முதுகெலும்புக்குப் போய்விட்டது. வலி குறையத்தான் கரண்டு. ஆஸ்பத்திரி போர்டில் கதிர்வீச்சு என்று போட்டிருக்கிறது. எங்கள் வாயில் கரண்டுதான். ஆழ்வார்திருநகரியிலிருந்து பாளையங்கோட்டைக்குத் தினமும் போய் வர வேண்டும். என் பழைய அம்பாசடரில் பின் சீட்டில் படுத்துக்கொண்டு வருகிறாள். செய்துங்கநல்லூர் தாண்டி ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். பள்ளம் வரும்போதெல்லாம் சேலை முந்தியைப் பல்லில் கடிக்கிறாள். சத்தம் போடுவதில்லை. கண்ணாடியில் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

மகன் திருப்பூரிலிருந்து போன். "ஏசி காரு வாடகைக்குப் பிடிங்கப்பா." அடைத்த காரில் அவளுக்கு வாந்தி வரும். காலை நீட்டிப் படுக்க இந்த வண்டிதான் ஆகும்.

பின் சக்கரத்துக்கு மேலே அடுக்கியிருக்கும் இரும்பு ஸ்பிரிங் பட்டைகள் வலுவிழந்து செத்துவிட்டன என்று நினைக்கிறேன். கூட ஒரு பட்டை வைத்தால் சரியாகும். முன்பு நானே செய்வேன். இப்போது வண்டிக்கு அடியில் போனால் என்னை வெளியே இழுக்க இரண்டு ஆள் வேண்டும். கடையில்தான் கொடுக்க வேண்டும். கூலி கொடுத்து இன்னொருவர் கையில் என் வண்டியை விடுவது இதுதான் முதல் தடவை. மனசு சரியில்லை.

சொர்ணம் என்று முழுதாக எழுத நேரமாகிறது. இனி சொ.


ஐப்பசி 7, வெள்ளி

வெயில், பிறகு மழை, பிறகு வெயில். ஏழாவது கரண்டு.

முடிந்ததும் சொ.வையும் வைத்துக்கொண்டே மேலப்பாளையம் போனேன். அங்கே மைதீன் பாய் பட்டைக் கடை. லாரிக்காரர்கள் எல்லாம் அவரிடம்தான். கடை பூட்டியிருந்தது. கதவில் எழுதியிருந்தது: வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிறு உண்டு. எழுத்துக் கூட்டாமல் படித்துவிட்டேன்!

"சொர்ணம், போர்ட ஒரே மூச்சுல படிச்சிட்டேன்."

"படிச்சது போதும். வண்டிய வீட்டுக்கு விடுங்க."

வெள்ளிக்கிழமை பாய் கடை திறக்காது என்று ஊருக்கே தெரியும். படிக்கத் தெரியாமலே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அவளுக்கு வீண் அலைச்சல். வீட்டில் இறக்கும்போது கால் தரையில் ஊன்றவில்லை. கஞ்சி இரண்டு ஸ்பூன்தான் இறங்கியது.


ஐப்பசி 8, சனி

மூட்டம். இன்றும் நாளையும் கரண்டு கிடையாது. பக்கத்து வீட்டுச் செல்லத்தாயை அவளுக்குத் துணை இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன்.

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். கை வலித்தாலும்.

பாய்க்கு அறுபது இருக்கும். வெள்ளைத் தொப்பி, கிரீஸ் பனியன். சுற்றிலும் லாரிப் பட்டைகள் குவியலாக.

"கூட ஒரு பட்டை போடணும் பாய்."

"எதுக்கு அண்ணாச்சி?"

"தூக்கித் தூக்கிப் போடுது."

பாய் வண்டியின் பின்பக்கம் வந்தார். டிக்கி மேல் இரண்டு கையையும் ஊன்றி முழு பாரத்தையும் கொடுத்து அமுக்கினார். வண்டி அசையவில்லை. குனிந்து அடியில் பார்த்தார்.

"ஏற்கெனவே கூடுதல் பட்டை கெடக்கே. லாரிப் பட்டைல்லா இது?"

"நான்தான் வெட்டிப் போட்டேன். கல்யாண சீசன்ல ஒம்பது பேர ஏத்துவேன். திருச்செந்தூருக்குன்னா பதினொண்ணு கூட. ஒரு நாளும் வண்டி உக்காந்ததில்ல." பெருமையாகத்தான் சொன்னேன்.

"இப்ப யாரு ஏறுதா?"

"எங்க வீட்டுக்காரி. ஒடம்பு சரியில்ல. அவ ஒருத்திதான்."

"வெயிட்டு என்ன இருப்பாங்க?"

"முப்பத்தாறு."

பாய் துணியில் கையைத் துடைத்தார். பிறகு கையை நீட்டினார்.

"சாவியக் குடுங்க. நீங்க பின்னால ஏறுங்க."

"எதுக்கு? என் வண்டிதான?"

"ஒங்க வண்டிதான். இன்னைக்கு ஒரு நாளு மாப்பிள்ள மாதிரி வாங்க."

ஏறினேன். அந்தக் கதவை மற்றவர்களுக்குத் திறந்துவிட்டே பழக்கம். இந்த வண்டி வந்த முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட நான் பின்னால் உட்கார்ந்ததில்லை. உட்கார வேண்டிய அவசியம் வரவில்லை. என்னை யார் ஓட்டிப் போவார்கள்?

முதல் வேகத்தடையில் பல் பல்லோடு இடித்தது. "படுத்துப் பாருங்க" என்றார். அவள் படுப்பது போலப் படுத்தேன். ரயில்வே கேட் வந்தது. தண்டவாளம் ஒவ்வொன்றும் முதுகில் நேராக ஏறியது. அடிவயிறு வரை போனது. என்னையறியாமல் "யம்மா" என்றேன். எழுபத்திரண்டு வயதானாலும் நான் திடமான ஆள். எழுபது கிலோ.

படுத்தால் என்ன தெரிகிறது என்றும் பார்த்தேன். கூரைத் துணி கிழிந்து தொங்குகிறது. அப்புறம் டிரைவரின் பிடரி. வேறு ஒன்றும் தெரியாது.

பாய் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"பட்டை சாகல அண்ணாச்சி. ஒம்பது பேருக்குன்னு வச்ச பட்டை, ஒம்பது பேரு உக்காந்தாத்தான் வளையும். குருவி உக்காந்தா வளையுமா? ரோட்டுல விழுற அடி பூரா அவங்க முதுகுக்குல்லா போவுது."

"நான் சொன்னபடி இன்னொண்ணு வச்சிருந்தா?"

"திங்கக்கிழம அவங்க இந்த வண்டியில ஏறியிருக்க மாட்டாங்க."

வண்டியை விட்டுவிட்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டில் யாரையும் கேட்காமல் போர்டு படித்து பஸ் ஏறினேன். இதுவும் முதல் தடவை. யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.


ஐப்பசி 9, ஞாயிறு

நல்ல மழை. பாய் கடையில் காலையிலிருந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். டீ மூன்று. மூன்றும் அவர் வாங்கித் தந்தது.

போல்ட் எல்லாம் துருவேறி இறுகியிருந்தது. பாய் அடித்த ஒவ்வொரு அடிக்கும் என் கையும் தானாக அசைந்தது. "சும்மா இருங்க அண்ணாச்சி, ஒங்க வேலையையும் சேத்துத்தான் நான் பாக்கேன்" என்றார். கூடுதல் பட்டை கீழே விழுந்தபோது, நான் உளியால் வெட்டிய தடம் அதில் அப்படியே இருந்தது. மீதிப் பட்டைகளைப் பிரித்துத் துரு சுரண்டி, கிரீஸ் தடவி, ரப்பர் புஷ் புதிதாகப் போட்டார். ஷாக் அப்சருக்கு எண்ணெய் விட்டார்.

மறுபடி பின் சீட்டில் படுத்தேன். அதே ரயில்வே கேட். வண்டி பைய இறங்கிப் பைய எழுந்தது. அவ்வளவுதான். இதற்கு ஒரு நாள் வேலை. ஒரே ஒரு நாள்.

பில் தமிழில் எழுதித் தந்தார். வாசித்தேன். புஷ். கிரீஸ். எண்ணெய். கூலி. கடைசி வரி: கழற்றியது, கூடுதல் பட்டை, பக்கத்துக்கு ஒன்று. அந்த வரியை இரண்டு தடவை வாசித்தேன். படம் வரையாமல் எழுத்தாகவே கையெழுத்துப் போட்டேன். ஆறுமுகம்.

கூலி சொன்னதற்கு மேல் நீட்டினேன். திருப்பிக் கொடுத்தார்.

"கூட வாங்கினா நாளைக்கு கொறை சொல்லி வரக் கூச்சப்படுவிய. சொன்னதக் குடுங்க, நல்லா சண்ட போடலாம்." கொஞ்சம் நிறுத்தி, "இனிமே கல்யாண பார்ட்டி ஏத்தாதிய. வண்டி உக்காந்துரும்."

யாரை ஏற்றப் போகிறேன்.

கழற்றிய பட்டைகளை வழக்கப்படி டிக்கியில் போட்டுத் தந்தார். வழி முழுக்க அவை மட்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன. வீட்டில் இறக்கி மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.


ஐப்பசி 10, திங்கள்

மழை விட்டிருந்தது. எட்டாவது கரண்டு.

தோண்டிப் போட்ட இடம் வந்ததும் கண்ணாடியைப் பார்த்தேன். முந்தி வாயில் இல்லை.

"வண்டிய என்ன செஞ்சிய?"

எல்லாம் சொன்னேன். பட்டை, ஒம்பது பேர், நான் பின்னால் படுத்தது. மறைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்ற பிறகுதான் சொன்னாள்:

"இடுப்பு போவுதுன்னு நான் சொல்லும்போதெல்லாம், வண்டின்னா அப்படித்தான் இருக்கும்னிய."

"ஆமா."

"பாய் சொன்னாத்தான் கேப்பியளோ?"

அவளை இறக்கத் தோளைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டு, "பின்னால இருந்து என்னத்தப் பாத்திய?" என்றாள்.

"டிரைவர் பிடரி."

"அதத்தான் நானும் பாத்துட்டு வாரேன், இத்தன வருஷமா."

சிரிக்க முயற்சி செய்தாள். இருமல் வந்துவிட்டது.


ஐப்பசி 11, செவ்வாய்

மழை இல்லை, வெயில் இல்லை.

ஒன்பதாவது வைக்கவில்லை. ரத்தம் குறைந்துவிட்டதாம். டாக்டரம்மா என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். சின்ன வயசு. "இனிமே அவங்கள அலைய விட வேண்டாம் ஐயா. வீட்டுல வச்சு நல்லாப் பாத்துக்கோங்க. வலிக்கு மருந்து தாரேன்." சீட்டில் எனக்காகத் தமிழில் எழுதிக் கொடுத்தார். எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. அதற்குக் கீழே: தேவைப்பட்டால் மட்டும் வரவும்.

ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். படிக்கத் தெரியாதவனாக இருந்தால் யாரிடமாவது நீட்டியிருப்பேன். அவர் பாதியை விட்டுவிட்டு வாசித்திருப்பார்.

அவளிடம், "லீவு விட்டுட்டாங்க" என்றேன்.

"பள்ளிக்கூடமா நடத்துதாங்க?" என்றாள்.

வண்டி நன்றாக இருக்கிறது. போக வேண்டிய இடம்தான் இல்லாமல் போயிற்று.

வரும்போது ஸ்ரீவைகுண்டம் பக்கம் கண்ணாடியில் பார்த்தேன். தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்து. கட்டிலில் இரண்டு மாதமாக ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கியதில்லை. வீடு வந்தது. நிறுத்தினால் விழித்துவிடுவாள். நிறுத்தவில்லை. செல்லத்தாய் வாசலில் நின்று கை காட்டினாள். நேரே ஏரல் போனேன். ஆற்றில் தண்ணீர் செம்மண் நிறத்தில் கரை தொட்டு ஓடுகிறது. பாலத்தில் திரும்பி வந்தேன். இன்னும் தூக்கம். மறுபடி ஏரல்.


ஐப்பசி 13, வியாழன்

தூறல்.

நேற்று எழுதவில்லை. நேற்றும் ஏரல், இரண்டு தடவை. இன்று காலை மருந்து கொடுத்ததும் அவளே கேட்டாள்.

"இன்னைக்கு எங்க?"

"நீ எங்க சொல்லுதியோ அங்க."

"சும்மா ஓட்டுங்க. நான் படுத்துட்டே வாரேன்."

தலையணை இரண்டு, போர்வை, தண்ணீர் பாட்டில், மருந்து. கூரைத் துணியின் கிழிசலை ஊசி போட்டுத் தைத்துவிட்டேன். படுத்திருப்பவள் கண்ணுக்கு அது ஒன்றாவது நேராக இருக்கட்டும். வண்டி எடுக்க நேரமாகிவிட்டது, கூப்பிடுகிறாள்.

அடுத்த வியாழக்கிழமை இந்த நோட்டை எடுத்து உட்காருவேன். ஏரல் போனோம், திரும்பி வந்தோம், சொர்ணம் தூங்கினாள். இந்த மூன்றையும்தான் எழுத வேண்டும். வேறு எதுவும் எழுதுவதற்கு இல்லாமல் இருக்கட்டும்.