விளிம்பில் குத்துங்கள்

பதிவு 1. நிலவு, மூன்றாம் குழி, கதிர்மருந்துக் கூடம். காலை 8.10

இந்தச் சுரங்கத்தின் மருத்துவமனை செத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பி ஆட்களைச் சாகவிடுகிறது. இதைக் கண்டெடுப்பவருக்கு நேரம் இல்லையென்றால் இந்த ஒரு வரி போதும்.

நேரம் இருப்பவருக்கு: என் பெயர் தவசீலி. சர்க்கரையில் கதிரியக்க அணுவை ஒட்டி மருந்து தயாரிப்பது என் வேலை. புற்றுக்கட்டியில் உயிரோடு இருக்கும் செல்கள் பசி பிடித்தவை, இந்தச் சர்க்கரையை அள்ளி விழுங்கும். நோயாளிக்கு அதை ஏற்றிய பிறகு ஊசி வைத்து நூல் கனத்துக்குச் சதை எடுப்பார்கள். அது பெட்டிகளை உறிஞ்சி இழுக்கும் காற்றுக்குழாய் வழியே என் கூடத்துக்கு வரும். கேமராவில் ஒளிர்ந்தால் உயிருள்ள புற்று, மரபணுச் சோதனைக்குப் பூமிக்கு அனுப்பலாம். இருண்டு கிடந்தால் குப்பை.

சோதனையில் குழியின் தோரியத் தூசி மரபணுவில் விட்ட வடு தெரிந்தால், அந்த வடுவுக்கென்றே இருக்கும் மாத்திரையை நிறுவனம் வரவழைத்தாக வேண்டும். குழியையும் மூடியாக வேண்டும். தெரியாவிட்டால் ‘உடல்வாகு’ என்று எழுதிவிட்டுக் கை கழுவலாம். இதுவரை ஒருவர் சோதனையிலும் வடு தெரிந்ததில்லை. தூசியை மூட்டையாய் விழுங்கியவர்கள் சோதனையிலும்.

இன்று மரிய புஷ்பம். மண் அள்ளும் வண்டி ஓட்டுகிறவர். வலது நுரையீரலில் எலுமிச்சை அளவுக் கட்டி. மாலையில் கப்பல் புறப்படுகிறது, அடுத்தது நான்கு மாதம் கழித்து. அவர் கட்டி அவ்வளவு நாள் காத்திருக்காது.

பதிவு 2. காலை 9.25

மருந்து ஏற்றியாயிற்று. மருத்துவமனை அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஒலிபெருக்கியில் புஷ்பம் அக்கா:

“பிள்ளே, எனக்குச் சாயாவுக்குச் சீனி கேட்டா கரண்டி அளந்து தருவானுவ. எனக்க கட்டிக்கு மட்டும் ஓசிச் சீனியா?”

“அதுக்கு உங்களவிட வாய் பெருசு அக்கா.”

“அப்போ எனக்க மாமியாரு சாதிதான்.”

பக்கத்தில் செவிலியர் சேவியர் அண்ணன் சிரிப்பது கேட்டது.

பதிவு 3. காலை 10.50

சதை வந்தது. கேமராவில் வைத்தேன். இருட்டு. மாதிரித் தட்டைத் துடைத்து மறுபடி வைத்தேன். இருட்டு. நிறமும் கெட்டிருந்தது, புளித்த தயிர்க்கட்டி போல.

டாக்டர் வில்வநாதன் சுற்றுப்பாதை நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு ஊசி குத்தும் இயந்திரக் கையை ஓட்டுகிறவர். அவரிடம் சொன்னேன்.

“மாதிரி போதுமானதுன்னு கையெழுத்துப் போட்டுட்டேன், தவசீலி. பேக் பண்ணுங்க.”

“இதுல உயிர் இல்ல டாக்டர். இதைச் சோதிச்சா ஒண்ணுமே வராது.”

“உங்க வேலை சர்க்கரை காய்ச்சறது. ஊசி எங்க வைக்கணும்ங்கறது என் வேலை.”

பதிவு 4. காலை 11.30

இந்த வருடம் ஊசி குத்தும்போது எடுத்த கட்டிப் படங்களை வரிசையாகத் திரையில் போட்டேன். எல்லாக் கட்டியும் ஒரே மாதிரி: ஓரத்தில் நெருப்பு வளையம், நடுவில் கறுப்பு. பெரிய கட்டிக்கு நடுப்பகுதி வரை ரத்தம் எட்டாது. அங்கே செல்கள் செத்து அழுகிக் கிடக்கும். உயிர் விளிம்பில்தான் இருக்கும். இது முதலாண்டு மாணவனுக்கும் தெரியும்.

ஊசி ஒவ்வொரு படத்திலும் நட்ட நடுவில் இறங்கியிருக்கிறது. ஒருமுறை கூடத் தவறவில்லை. இவ்வளவு துல்லியமாகக் கருமையைக் குறி வைக்க வேண்டுமென்றால் நெருப்பு எங்கே என்று நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.



பதிவு 5. பகல் 12.15

சுரங்க மேலாளர் ராஜசிங்கிடம் இரண்டாவது ஊசிக்கு அனுமதி கேட்டேன். வாயில் எதையோ மென்றுகொண்டே பேசினார்.

“ஆளுக்கு ஒரு ஊசிதான்மா, அதான் ரூல். நீங்க சின்னப் பொண்ணு. இந்தக் குழிய நம்பி எத்தனை குடும்பம் இருக்கு, தெரியுமா?”

“அதுல புஷ்பம் குடும்பம் இல்லையா சார்?”

இணைப்பைத் துண்டித்தார்.

பதிவு 6. பகல் 12.50

நுரையீரலில் குத்தினால் சில மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். அக்கா இன்னும் மேசையில்தான் இருக்கிறார். டாக்டர் திரையை அணைத்துவிட்டுப் போய்விட்டார். சர்க்கரையின் கதிர் இரண்டு மணி நேரத்தில் பாதியாகும். இன்னும் கால்வாசி மிச்சம்.

உள்ளதை உள்ளபடி சொன்னேன். முதல் சதை செத்தது. இன்னொரு தடவை குத்தினால் நுரையீரல் சுருங்கிப் போகலாம். குத்தாவிட்டால் மாத்திரை வராது.

“மாத்திரை வந்தா?”

“ஊருக்குப் போவீங்க அக்கா.”

“பின்ன என்னத்துக்குப் பேச்சு? லேய் சேவியரு, ஊசிய எடுடே.”

“வேலை போயிரும் அக்கா.”

“எனக்க உசுரு போவுது, ஒனக்கு வேலையா?”

ஊசி உறையைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. பிறகு சேவியர் அண்ணன், “தவசீலி, எங்க வைக்கணும்? சொல்லு.”

படத்தைப் பார்த்துச் சொன்னேன். நடுவில் வேண்டாம் அண்ணா. மேல் விளிம்பு. இன்னும் வெளியே. அங்கேதான். குத்துங்கள்.

பதிவு 7. பகல் 1.35

ஒளிர்கிறது. நூல் முழுக்க, நுனியிலிருந்து நுனிவரை. இந்தக் கூடத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. சின்னப் பெட்டியில் அடைத்துப் பெயர் ஒட்டி உறைபெட்டியில் வைத்தேன்.

அக்காவுக்கு மூச்சு வாங்குகிறதாம். நுரையீரல் சுருங்கியிருக்கிறது. சேவியர் அண்ணன் விலா இடுக்கில் குழாய் செருகியிருக்கிறார். நான் சொன்ன இடத்தில்தான் அவர் குத்தினார். அதையும் எழுதி வைக்கிறேன்.

பதிவு 8. பகல் 2.20

பெட்டியைக் கப்பல்தளத்துக்குப் போகும் காற்றுக்குழாயில் வைத்தேன். போகவில்லை. உறிஞ்சியை நிறுத்தியிருக்கிறார்கள், இரண்டாவது ஊசி தெரிந்துவிட்டது போல. வெளிக்கதவும் பூட்டிக்கொண்டது. அபாய மணி. பொது ஒலிபெருக்கியில் ராஜசிங்:

“கதிர்மருந்துக் கூடத்தில் கசிவு. யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம். பணியாளர் பாதுகாப்பாக இருக்கிறார்.”

கசிவு இல்லை. என் மூன்று கதிர் அளவிகளும் சாதாரணம் காட்டுகின்றன. படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

பதிவு 9. மாலை 4.40

மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். இந்தக் கருவி பேட்டரியில் ஓடுகிறது. உறைபெட்டி ஓடவில்லை. சதையை உறைபனிப் பைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி என் மேலங்கியால் சுற்றியிருக்கிறேன். குளிர் கொஞ்ச நேரம் தாங்கும்.

சேவியர் அண்ணன் சொன்னார்: கப்பலில் முதல் மாதிரியை ஏற்றிவிட்டார்களாம். டாக்டர் சொன்னபடி காலையில் நானே பேக் பண்ணி அனுப்பிய அந்தத் தயிர்க்கட்டியை. பெயர் மரிய புஷ்பம், தரம் போதுமானது. முடிவு என்ன வரும் என்று இங்கே இருட்டில் உட்கார்ந்தபடியே என்னால் எழுதிக் கொடுக்க முடியும்.

மருத்துவமனை இணைப்பு மட்டும் விட்டு விட்டு வேலை செய்கிறது. அக்காவின் குரல், துண்டு துண்டாக:

“பிள்ளே... ஏத்தியாச்சா... ஏத்திட்டானுவளா...”

சொன்னேன். இன்னும் இல்லை, ஏற்றவைப்பேன் என்றேன். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை.

பதிவு 10. மாலை 5.30

கப்பல் புறப்பட அரை மணி. ராஜசிங்கின் தனி இணைப்பில் பேசினேன்.

சார், மாதிரி என்னிடம் இருக்கிறது. நல்ல மாதிரி. என்னை உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், காற்றுக்குழாயை மட்டும் திறந்துவிடுங்கள்.

இணைப்பு உயிரோடு இருக்கிறது. மறுமுனையில் மூச்சு கேட்கிறது. மெல்லும் சத்தம் கேட்கிறது.

பதிவு 11. 5.48

ராஜசிங், குழாயைத் திறங்கள்.

5.55

திறய்யா. ஒரு பெட்டி. கை அகலம் கூட இல்லை.

5.59

ராஜசிங். குழாயைத் திற.

6.00

தரை அதிர்கிறது. கப்பல்.

6.04

திற.